இடைவேளை வரைக்கும்

மாமா,

அம்மாவுக்குக் காய்ச்சலாம். சிதம்பரத்துக்குக் காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். மீன் குழம்பு அடுப்பு மேலேயே இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

நேற்று, "பழைய படமா வாங்கி வாங்கி அடுக்குற, ஒண்ணயாவது முழுசா பாத்திருக்கியா?" என்று கத்தினீர்கள். பார்த்ததில்லைதான்.

ஒரு படத்துக்கு இரண்டு சிடி. நீங்கள் நைட் ஷிப்டுக்குப் போனதும் முதல் சிடியைப் போடுவேன். இடைவேளையோடு நிறுத்திவிடுவேன். "நா இல்லாம கிளைமாக்ஸ் பாத்துடாத" என்று கல்யாணமான புதிதில் சொன்னது நீங்கள்தான். உங்களுக்கு மறந்திருக்கும். லீவு நாளிலும் அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வருவதில்லை. அலமாரியைத் திறந்து பாருங்கள், இரண்டாவது சிடி ஒன்றில்கூடக் கீறல் இருக்காது. சாவி கடிகாரத்துக்குப் பின்னால்.

— பிரியம்வதா

எதிர்வீட்டு வினோதினி சாயங்காலம் படம் கேட்டு வருவாள். எது கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

அவள் நேற்று ஒரு படத்தின் சிடியைக் காட்டிக் கதை கேட்டாள். பாதி வரை சொன்னேன். "அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்றாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லி எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.