குலுக்கம் குறைவு

மரியே வாழ்க

குருநகர்,
4 மே 2025

என் அன்பு மகள் லவீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகன் ஜெயசுதனும் அந்தக் குளிர் ஊரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எங்கள் பாடுகளைச் சொல்கிறேன். போனில் கதைக்காமல் இதென்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் விபரமாகச் சொல்லச் சொல்லி என்னைக் கேட்டது நீதான். இந்த வீட்டில் அப்படி ஒரு நேரம் கிடையாது. போனை எடுத்துக்கொண்டு வாசல் படலையடிக்குப் போனாலே, "என்னத்தையப்பா ஒளிக்கிறியள்?" என்று படுக்கையில் இருந்து குரல் வருகிறது. ஆகவே ஓட்டோத் தரிப்பிடத்தில், ஹயர் ஒன்றும் வராத நேரமாகப் பார்த்து, சீற்றில் இருந்து எழுதுகிறேன். பக்கத்து ஓட்டோக்காரன் எமில்ராஜ் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். வாசிக்காதே என்று சொல்லியிருக்கிறேன். வாசிப்பான்.

அம்மாவுக்கு நோய் எலும்புக்கு இறங்கியது உனக்குத் தெரியும். இப்போது கிழமைக்கு ஒருமுறை தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக். சாப்பாடு கஞ்சிதான். மீன் சொதி வைத்தால் இரண்டு கரண்டி குடிக்கிறாள். வாய் மட்டும் பழையபடி. போன கிழமை நான் ஆக்கிய சோறு குழைந்துவிட்டது. "இதைச் சுவரிலை அப்பினால் வீட்டுக்குப் பூச்சு வேலை முடியும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குப் பெரிய கவலையாக இருந்தது அந்தப் பயணம்தான். பெருந்தெரு நல்ல தெரு. எங்கள் ஒழுங்கையைத்தான் குழாய் பதிக்கிறோம் என்று கிண்டியவர்கள் மூட மறந்துபோனார்கள். அதைத் தாண்டி வந்தாலும் ஓட்டோ நிற்கிற இடத்தில் எல்லாம் உதறும். அந்த உதறல் நேரே அவளுடைய முதுகுக்குப் போகிறது. மாசி மாதம் ஒருநாள் மருதனார்மடச் சந்தியில் மறித்து நின்றபோது அவள் "மாதாவே" என்று கத்திவிட்டாள். சந்தைக்கு வந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. கார் பிடிப்போம் என்றால் சம்மதிக்கிறாள் இல்லை. "எங்கடை வாகனம் நிக்கேக்கை ஏன் பிறத்தியாற்றை காருக்குக் குடுப்பான்?" என்கிறாள்.

அதனால்தான் சூப்பருக்கு மாறினேன். உனக்கு இங்கத்தைய சங்கதி மறந்திருக்கும். பெற்றோல் அடிக்கிற செற்றில் இரண்டு வகைப் பெற்றோல். தொண்ணூற்றிரண்டு ஒக்டேன் எங்களைப் போன்றவர்களுக்கு. தொண்ணூற்றைந்து, அதுதான் சூப்பர், நல்ல கார் வைத்திருக்கிற ஆட்களுக்கு. மாதம் முடிகிற அன்றைக்குப் புது விலை சொல்வார்கள். ஏறப்போகிறது என்று மணந்தால் பின்னேரமே "முடிஞ்சுது" என்று கயிறு கட்டிவிடுவார்கள். இறக்குவது என்றால் தொண்ணூற்றிரண்டில் ஏதோ பிச்சை போட்ட மாதிரி ஒன்றிரண்டு ரூபா. சூப்பர் அசையவே அசையாது. அந்த ஒன்றிரண்டு ரூபாவுக்கு ஏறுகிற ஆட்கள் எல்லாம் "பெற்றோல் குறைஞ்சிட்டுதாமே அண்ணை" என்று எங்களோடுதான் சண்டை. தரமாவது ஒழுங்கா? ஒரு மழை பெய்தால் போதும், பெற்றோலில் தண்ணீர். எமில்ராஜ் சோடாப் போத்தலில் பிடித்து வைத்துக் காட்டினான். அடியில் தண்ணீர் தனியாக நின்றது. காசைக் கொடுத்துத் தண்ணீர் வாங்கி, பிறகு அதைக் கழுவ மெக்கானிக்குக்கும் காசு கொடுக்கிறோம். யாரிடம் போய்ச் சொல்ல? செற்றில் சொன்னால் "விருப்பமெண்டால் அடியுங்கோ" என்கிறார்கள்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் மற்றது இல்லாமல் ஒருநாள் சூப்பர் அடித்தேன். அன்றைக்கு ஓட்டோ உதறாமல் ஓடியதாக எனக்கு ஒரு ஞாபகம். அதை வைத்துத்தான் தவக்காலம் தொடங்கிய கிழமையில் இருந்து கிளினிக் நாளுக்கு மட்டும் சூப்பர் அடிக்கிறேன். மெக்கானிக் சிமியோன் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணை, உது உங்கடை எஞ்சினுக்குத் தெரியாது. உங்கடை பொக்கற்றுக்குத்தான் தெரியும்" என்றான். தரிப்பிடத்தில் எனக்கு இப்போது சூப்பர் செபநாயகம் என்று பெயர்.

சிரிக்கட்டும். முதல் நாள் புறப்படும்போதே அம்மாவிடம் சொன்னேன், இன்றைக்கு உனக்குக் கார்க்காரர் அடிக்கிற பெற்றோல் என்று. தெல்லிப்பழையில் இறங்கியதும் நான் கேட்கவும் இல்லை, தானாகவே சொன்னாள்: "இஞ்சாருங்கோ, இண்டைக்குக் குலுக்கம் குறைவு." அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் அதையே சொல்கிறாள். கத்துவதும் இல்லை. பெற்றோல் விலையை நினைத்தால் வயிறு எரியும், அவள் அதைச் சொன்னால் ஆறிவிடும். டொக்ரரிடமும் சொன்னேன், ஓட்டோவில் வரும்போது இப்போது முதுகு நோவு தெரிவதில்லையாம் என்று. நோ மருந்தைக் கூட்டுவதற்கு இருந்த அந்த இளம் டொக்ரர் பிள்ளை, அப்படியானால் இருக்கிற மருந்தே காணும் என்று விட்டுவிட்டா.

ஆகவே நீ யோசிக்காதே. உன் வதிவிட விசா கையில் கிடைக்காமல் வெளிக்கிட்டு வந்து அங்கே உள்ளதையும் கெடுத்துக்கொள்ளாதே. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் இரண்டு பேருக்கும் கடவுளின் ஆசீர் கிடைக்கட்டும்.

அன்பு அப்பா,
செபநாயகம்



மரியே வாழ்க

குருநகர்,
15 ஜூன் 2025

அன்பு மகள் லவீனாவுக்கு,

இதை வேலையில் நின்று வாசிக்காதே. வீட்டுக்குப் போய், ஜெயசுதன் பக்கத்தில் இருக்கும்போது வாசி.

அம்மா இருக்கிறாள். பயப்படாதே. நான் எழுத வந்தது வேறு.

போன கிழமை பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். எமில்ராஜ் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணை! சூப்பர் எண்டு வித்தது முழுக்கத் தொண்ணூற்றிரண்டாம்! பம்புக்குச் சீல் வைச்சிட்டாங்கள்!" என்று கத்தினான். நாங்கள் வழமையாக அடிக்கிற அதே செற். கொழும்பில் இருந்து வந்த அதிகாரிகள் பெற்றோலைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்திருக்கிறார்கள். தை மாதத்துக்குப் பிறகு அந்தச் செற்றுக்குள் சூப்பர் ஏற்றிய பவுசர் லொறி ஒன்றுகூட வரவில்லையாம். இரண்டு தாங்கிக்குள்ளும் ஒரே பெற்றோலை இறக்கி, இரண்டு விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கையில் இருந்த கோப்பையைப் போட்டு உடைத்திருப்பேன். என் வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. நான் ஏசி முடிக்கும்வரை அம்மா படுக்கையில் கேட்டுக்கொண்டு இருந்தாள். பிறகு சொன்னாள்: "செற்றிலை பெற்றோல் அடிக்கிற பெடியனை உங்களுக்குத் தெரியுந்தானேயப்பா. உங்களுக்கு நல்லதைத்தான் அடிச்சிருப்பான்."

எமில்ராஜ் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, படலையைச் சாத்திக்கொண்டு வெளிக்கிட்டான்.

ஒரு பம்பு, ஒரு குழாய். தெரிந்தவனுக்கு என்று நல்ல பெற்றோல் எங்கே இருந்து வரும்? இது அவளுக்குத் தெரியாதா? தன் தகப்பன் மீன்பிடி வள்ளத்தின் எஞ்சினை இழுத்து ஸ்ராட் பண்ணும்போது, மண்ணெண்ணெயில் தண்ணீர் என்று கரையில் நின்றே சொன்னவள். நான் அடித்தது ஒருநாளும் சூப்பர் இல்லை. அப்படியென்றால் குறைந்தது எந்தக் குலுக்கம்? அந்தக் கேள்வி எனக்கு உடனே வரவில்லை, மகள். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் வந்தது.

அடுத்த நாள் செற்றுக்கு முன்னால் ஓட்டோக்களைக் குறுக்கே விட்டு மறியல். நானும் போனேன். முதலாளியின் ஆள் வந்து, ரசீது இருந்தால் கொண்டுவாருங்கோ, பார்ப்போம் என்றான். "பெற்றோலுக்கு ஆரடா ரசீது வாங்கிறவன்?" என்று சிமியோன் அவன் சேட்டுக் கொலரைப் பிடிக்கப் போய், பொலிஸ் வந்து விலக்கியது. முறைப்பாடு எழுதினார்கள். எமில்ராஜ் தாளை என்னிடம் நீட்டினான். "எங்கள் எல்லாரிலும் கூடுதலாச் சூப்பர் அடிச்சது நீங்கள்தான் அண்ணை. எப்பிடி ஓடினது எண்டு நீங்கள்தான் சாட்சி சொல்லவேணும்" என்றான். என்னத்தைச் சொல்வது? "நல்லாத்தான் ஓடினது. குலுக்கமே இல்லையாம்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. என்னோடு இருக்கிற பெடியங்களுக்கு அம்மாவைத் தெரியும். எமில்ராஜ் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை கிளினிக். வேறு செற்றில் சாதாரணத்தையே அடித்தேன். அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஓட்டோவுக்குள் இருக்கிற கண்ணாடியை நான் எப்போதும் மேலே திருப்பித்தான் வைத்திருப்பேன். ஏறுகிற பெண் பிள்ளைகள் சங்கடப்படக்கூடாது என்று பழகிய பழக்கம். அன்றைக்கு அதை அம்மா பக்கம் திருப்பினேன்.

ஒழுங்கைப் பள்ளத்தில் சில்லு இறங்க முதலே சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துவிட்டாள். எந்தப் பள்ளம் எந்த இடத்தில் வரும் என்று அவளுக்குப் பாடம். மற்றக் கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள், கன்னத்தால் தண்ணீர் ஓடியது. ஒரு சத்தம் வரவில்லை. நான் மெதுவாகப் போனேன், மெதுவாகப் போனால் உதறல் கூடியது. வேகமாகப் போனால் தூக்கிப் போட்டது. எப்படிப் போவது என்றே எனக்குத் தெரியவில்லை, இத்தனை வருசம் ஓடிய எனக்கு. ஆஸ்பத்திரி வாசல் கிட்ட வர, தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள், தலைமயிரை ஒதுக்கினாள். நான் கை கொடுத்து இறக்கினேன். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இண்டைக்கும் குலுக்கம் குறைவப்பா."

தலைப்பில் பல் பட்ட இடம் ஈரமாக இருந்தது. நான் சில்லைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

அவளைத் தாதி நிறை பார்க்கக் கூட்டிப்போன நேரத்தில் டொக்ரரிடம் போய், நான் முதல் சொன்னது பிழை, அவளுக்கு நோ கடுமை என்று சொன்னேன். டொக்ரர் பிள்ளை பொறுமையாகக் கேட்டா. "எவ்வளவு நோ, எங்கை நோ எண்டு அவதான் ஐயா சொல்லவேணும். அவ இல்லை எண்டால் நான் என்னத்தை வைச்சுக் கூட்டுறது? உது கூடினாலும் கரைச்சலான மருந்து" என்றா. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு என் முன்னாலேயே கேட்டா. அம்மா சிரித்துக்கொண்டு, "எனக்கு ஒண்டுமில்லை டொக்ரர். இவர்தான் உந்தப் பெற்றோல் செற் பிரச்சினையிலை குழம்பிப்போய் நிக்கிறார்" என்றாள். டொக்ரரும் சிரித்துவிட்டா. மருந்து பழையபடி.

இப்போது எல்லாரும் செற்காரனைத் திட்டுகிறார்கள். திட்ட வேண்டியவன்தான். என்னை ஏமாற்றிய காசை அவன் தராவிட்டாலும் போகட்டும். அவன் ஒழுங்காகச் சூப்பரையே தந்திருந்தால், அவளுடைய சொல் மெய்யாக இருக்கக்கூடும் என்று நான் இன்னும் நம்பிக்கொண்டு இருந்திருப்பேன். அது இன்னும் கேடாக இருந்திருக்கும் என்றும் தெரிகிறது. எனக்கு ஒரு பக்கமும் நிற்க முடியவில்லை.

ஏன் ஒளிக்கிறாள்? நோ என்றால் ஆஸ்பத்திரி வாட்டில் மறித்துவிடுவார்கள், பிறகு வீட்டுக்கு விடமாட்டார்கள் என்று பயமாக இருக்கலாம். ஆனால் எனக்குத் தோன்றுவது வேறு. முதல் நாள் சூப்பர் அடித்துவிட்டு, ஏதோ வைத்தியம் கண்டுபிடித்தவன் மாதிரி நான் வந்து நின்ற நிற்பைப் பார்த்திருப்பாள். என்னால் அவளுக்குச் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். அது சரிவரவில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

நான் கேட்டால் சொல்லமாட்டாள். நீ கேள், லவீனா. நோகுதோ என்று கேட்காதே, இல்லை என்றுதான் வரும். எங்கே நோகுது, எந்த நேரம் கூடுது என்று கேள். அப்பா வெளியே போய்விட்டார், இது எனக்கும் உங்களுக்கும் இடையில் என்று சொல். நான் உண்மையாகவே வெளியே போய்விடுவேன். இந்த வியாழன் கிளினிக். அதற்கு முன்னம் அவள் வாயால் வரவேண்டும். வந்தால் டொக்ரர் போனில் உன்னோடு கதைக்கச் சம்மதம், கேட்டுவிட்டேன்.

அவள் உனக்கு என்ன சொல்கிறாளோ, அதை ஒரு சொல் குறைக்காமல் எனக்கு எழுது. அப்பாவுக்குத் தாங்காது என்று எதையும் நிறுத்திவிடாதே. என்னைத் தேற்றுகிற வேலையை இந்த வீட்டில் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறாள். நீயும் தொடங்கிவிடாதே, மகள்.

மாதா உன் நாவில் இருந்து, அம்மாவின் வாயைத் திறக்கிற சொல்லை உனக்குத் தரட்டும்.

உன் அப்பா,
செபநாயகம்