வராதவர்களுக்கு இடம் பிடித்தவனுக்கு

அடேய் ஆரோ, என் பாவி மச்சான்,

நீ போய் ஓராண்டு ஆகப் போகிறது. உயிரோடு இருந்தபோதே நீ அனுப்பிய செய்திகளுக்குப் பதில் போடாதவன் நான். செத்த பிறகு எழுதுகிறேன் என்றால் யாராவது நம்புவார்களா? இதுவும் நானாக எழுதவில்லை. உன் மனைவி ரீத்தா கேட்டாள். நினைவுத் திருப்பலி முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் வாசிக்க, உன்னைப் பற்றி ஒரு பக்கம் வேண்டுமாம். அதுவும் நம் சனிக்கிழமைகளைப் பற்றி.

மண்டபத்தில் இருப்பவர்களுக்கு உன்னை ஆரோக்கியசாமியாகத் தெரியும், பாட்டுக் குழுவில் கடைசி வரிசையில் நின்றவனாக. எங்களைத் தெரியாது. நீ, நான், குணா, முனி. சிங்கப்பூரில் ஒரே கப்பல் பட்டறையில் பதினெட்டு வருடம். விடிவதற்கு முன்பே நான்கு மோட்டார் சைக்கிள்களில் இக்கரையிலிருந்து எல்லைப் பாலம் தாண்டி வேலைக்குப் போவோம். ஒருத்தன் வண்டி பாலத்தில் நின்றுவிட்டால் மற்ற மூவரும் நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டவன் நீ. கொட்டுகிற மழையில் என் வண்டிச் சங்கிலி அறுந்த அன்று நீ நின்றாய். உன்னைத் திட்டிக்கொண்டே அவர்களும் நின்றார்கள். அன்றைக்குப் பட்டறையில் நால்வரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

சனிக்கிழமை மாலையானால் நம் ஊர் மாசாயில் பாய் டீக்கடை. முதலில் வருகிறவன் நீதான். சிங்கப்பூர்ச் சாப்பாட்டுக் கடைகளில் நாற்காலி மேல் டிஷு பொட்டலத்தை வைத்து இடம் பிடிக்கும் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்து, எங்கள் மூன்று நாற்காலிகளிலும் ஒவ்வொன்று வைத்திருப்பாய். “டேய், இது என்ன சிங்கப்பூரா? எவனாச்சும் மூக்கச் சிந்திட்டுப் போயிடப் போறான் லா,” என்று முனி கத்துவான். நீயும் சிரிப்பாய்.

பிறகு உனக்குச் சர்க்கரை முற்றியது. காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பட்டறையில் உன்னை வேண்டாம் என்றார்கள். ‘பேரில் மட்டும்தான் ஆரோக்கியம்’ என்று குணா சொன்ன நகைச்சுவைக்கு முதல் தடவை நீ சிரித்தாய். நாலாவது தடவை சிரிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, டீ ஆறிக்கொண்டிருக்க, எங்கள் முன்னால் அழுதாய். ஐம்பத்து மூன்று வயது ஆம்பிளை, கடை நிறைய ஆட்கள், நீ மூக்கு ஒழுக அழுகிறாய். சொல்லிவிடுகிறேன் மச்சான், எனக்குப் பாவமாக இல்லை. அசிங்கமாக இருந்தது.

அந்த வாரமே கைப்பேசியில் இன்னொரு குழு தொடங்கினேன். நீ இல்லாமல் மூன்றே பேர். குணா தொடங்கவில்லை, முனி தொடங்கவில்லை, நான்தான். ‘கொஞ்ச நாளைக்கு’ என்று போட்டேன். இருவரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். சந்திக்கிற கடையையும் ஜேபி டவுனுக்கு மாற்றிக்கொண்டோம். பழைய குழுவில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ‘இன்னிக்கு எங்க மச்சான்?’ என்று நீ கேட்டாய். வேலை என்றோம், கல்யாணம் என்றோம், கடைசியில் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டோம். நீ கேட்பதை நிறுத்தவில்லை. உனக்குச் சொரணை இல்லையா என்று கோபம்கூட வந்தது எனக்கு.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மத்தியானம் ரீத்தா போன் செய்தாள். “திருப்பலி அழைப்பக் கையில குடுக்கணும் அண்ணே. மாசாய் கடையிலதான இருப்பீங்க?” என்றாள். இல்லை, ஜேபியில் என்றேன். “எப்பலேர்ந்து மாத்துனீங்க?” என்றாள். “இப்பதான்மா, ரெண்டு மூணு மாசமா,” என்று வாய் கூசாமல் சொன்னேன்.

கடலோரத்துச் சீனர் கடை. நல்ல காற்று. எதிரே சிங்கப்பூர் விளக்குகள். நாங்கள் மூவரும் பட்டறையை விட்டாகிவிட்டது, இனி அங்கே போய் வேலை செய்ய வேண்டியதில்லை என்ற நிம்மதியில் அவற்றைப் பார்ப்பதே ஒரு சுகம். சுட்ட மீன் வந்தது, குணாவுக்கும் எனக்கும் பியர் வந்தது, முனிக்கு ஐஸ் போட்ட கரும்புச் சாறு. பழைய கதைகளைப் பேசி வயிறு வலிக்கச் சிரித்தோம். நீ இல்லாதது ஒரு குறையாகவே இல்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

குணா பக்குவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். “முன்ன மாதிரி இல்ல மச்சான். யாரோடயும் சண்ட கிடையாது. தலவலி குடுக்குற ஆள சத்தமில்லாம ஒதுக்கி வச்சிடணும். இந்த வயசுல மனசுக்கு நிம்மதிதான் முக்கியம். இதுக்குப் பேருதான் பக்குவம்.”

“உண்ம லா,” என்றான் முனி. நானும் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில்தான் ரீத்தா வந்து நின்றாள். குணா பியர் போத்தலை மேசைக்கு அடியில் தள்ளினான்.

நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். அழைப்பைக் கொடுத்தாள். “உங்க மூணு பேருக்கும் நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சேன்,” என்றாள். “வேல போன பெறகு அவரு சிரிச்சு நான் பாத்தது சனிக்கெழம மட்டும்தான். உங்களோட இருந்துட்டு வந்து, நீங்க பேசுனத எல்லாம் ஒன்னு விடாம சொல்லுவாரு.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நீ எங்களோடு எங்கே இருந்தாய்?

“குணாண்ணே, வெரல் எடுத்த பெறகு கால் புண்ணாகாத செருப்பா தேடி வாங்கிக் குடுத்தீங்களே. இன்னும் வச்சிருக்கேன்.” எச்சில் கையால் காக்காய் ஓட்டாத குணா உனக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தானாம்! அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை. “அதெல்லாம் பெரிய விஷயமாம்மா? எட்டாம் நம்பர்தான, கெடைக்கல, ரொம்ப அலஞ்சேன்,” என்றான்.

“ஒம்பது,” என்றாள் ரீத்தா.

“ஆங், ஒம்பது.”

“முனிண்ணே, அவரு ஆசப்படக் கூடாதுன்னு அவரு முன்னால நீங்க சீனி போட்டு எதையும் குடிக்க மாட்டீங்களாமே.” முனி கரும்புச் சாற்றை ஒரு விரலால் மெல்ல என் பக்கம் நகர்த்தினான். “ஆமாம்மா, பழகிப் போச்சு,” என்றான்.

பிறகு என்னைப் பார்த்தாள். “சேகரண்ணே, அன்னிக்கு அவரு கடையில உட்காந்து அழுதப்ப, முழு நேரமும் அவரு கையப் புடிச்சிக்கிட்டே இருந்தீங்கன்னு சொன்னாரு. அன்னிக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்கினாரு.” நான் தலையைக் குனிந்து, “ஆமாம்மா,” என்றேன்.

அலமாக்! நீ எவ்வளவு பெரிய புளுகன்டா! நீ அழுதபோது நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய்க்குக் கை காட்டிக் கணக்கைக் கேட்டேன். உனக்குத் தெரியும், என் எதிரேதானே இருந்தாய். இருந்தும் வீட்டுக்குப் போய் அவளிடம் இப்படிச் சொல்லியிருக்கிறாய். நாங்கள் எதைச் செய்திருக்க வேண்டுமோ அதையெல்லாம் வாரா வாரம் எங்களுக்காக நீயே செய்துகொண்டாய். பக்குவப்பட்ட மூன்று கூட்டாளிகள் உனக்கு இருந்தார்கள் மச்சான். அவர்கள் நாங்கள் இல்லை. இதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கலாமே நீ?

ரீத்தா எழுந்தாள். “ஒரு பக்கம் போதும்ணே. அவரு சொன்னத நான் நெறையக் கேட்டுட்டேன். நீங்க சொல்றதக் கேக்கணும்,” என்றாள். கைப்பையிலிருந்து டிஷு பொட்டலம் ஒன்றை எடுத்தாள். கண் துடைக்கத்தான் என்று நினைத்தேன். துடைக்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வைத்துவிட்டு, கும்பிடு போட்டுப் போனாள்.

“டிஷுவ மறந்துட்டுப் போறாங்க,” என்றான் முனி.

குணா போத்தலை மேலே எடுத்தான். “நல்ல வேள, அவங்களுக்கு ஒன்னும் தெரியல. அப்படியே இருக்கட்டும். உண்மையச் சொல்லி அந்தம்மா மனச நோகடிச்சு என்ன ஆகப் போவுது? தெரிஞ்சும் வாய மூடிக்கிறதுதான் பக்குவம்.” பேசிக்கொண்டே ஒரு தட்டுக் கணவாய் மீன் கொண்டுவரச் சொன்னான். நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த டிஷு பொட்டலம் என்னை விடவில்லை. மறுநாள் மாசாய்க்குப் போனேன். பாய் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“எங்க போயிட்டீங்க எல்லாரும்? உங்க கூட்டாளி மட்டும் தவறாம வந்துக்கிட்டிருந்தாரு. சீனி இல்லாத டீ ஒன்னு. மூணு நாற்காலியிலயும் டிஷு. எவ்வளவு கூட்டம்னாலும் யாரையும் உக்கார விட மாட்டாரு. ஆளு வருவாங்களா மாட்டாங்களா, சொல்லுங்கன்னு ஒரு நாள் கோவமாவே கேட்டுட்டேன். ‘பாலத்துல வண்டி நின்னிருக்கும் பாய், வந்துருவாங்க’ன்னாரு.”

நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“போன மாசம் அவரு சம்சாரம் வந்தாங்க,” என்றார் பாய். “வாரா வாரம் இங்க யாரு கூட இருப்பாருன்னு கேட்டாங்க. தனியாத்தாம்மான்னு சொல்லிட்டேன். தப்பாண்ணே?”

ஆக, அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஜேபிக்கு வந்தாள், தெரிந்துகொண்டுதான் நன்றி சொன்னாள். செருப்பு எட்டாம் நம்பர் என்று குணா புளுகியதையும், முனி கரும்புச் சாற்றை நகர்த்தியதையும், நான் தலையைக் குனிந்து ‘ஆமாம்மா’ என்றதையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனாள். எங்களுக்கு அது தகும். உன்னைப் போல அவள் எங்களைக் காப்பாற்றவில்லை.

அதற்கு முன்பே, சனிக்கிழமை இரவு ஜேபியிலிருந்து வீடு திரும்பியதும், ஒரு பக்கம் எழுதி, படம் பிடித்துக் குழுவில் போட்டிருந்தேன். செருப்பு, டீ, கைப் பிடித்தது எல்லாம் அதில் இருந்தது. “சூப்பர் லா, எல்லாரும் அழுதுடுவாங்க,” என்று குணா பதில் போட்டான். மாசாயிலிருந்து வந்து அதைக் கிழித்துப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் மச்சான், ஆனால் சோறு போட்டவள் முன்னால் மறைக்க முடியாது. இந்தக் கடிதத்தைத்தான் வாசிப்பேன் என்றதும், தாங்கள் திருப்பலிக்கே வரப்போவதில்லை என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். என்னிடமும் இனிமேல் பேசப் போவதில்லையாம். தலைவலி கொடுக்கிற ஆளை ஒதுக்கிவைக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் நீ ‘பரவால்ல மச்சான்’ என்றுதான் சொல்வாய், அந்தச் சுகம் எனக்குக் கிடைக்கக் கூடாது. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். திருப்பலி முடிந்ததும் மண்டபத்தில் ரீத்தாவுக்கு எதிரே நின்று, ஒரு வரியும் விடாமல் இதை நானே வாசிப்பேன். பாதியில் எழுந்து போகிறவர்கள் போகட்டும். முடிகிற வரை நான் நிற்பேன்.

அன்றைக்கு உன் கையைப் பிடிக்காமல் கணக்கைக் கேட்ட,
உன் மச்சான்
சேகர்