திகதி முடிந்த கார்டும் மூன்றாம் நம்பர் அறையும்

கந்தப்பளை,
19.05.2004

அன்பு மகன் கோபிசங்கருக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நாளை ஓட்டிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த வெயில் ஊரில் காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது உன் பெயரைச் சொல்லித்தான் கும்பிடுகிறேன். உன் கடிதம் வெசாக் பண்டிகைக்கு முந்தின நாள் வந்தது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, ஏன் தாமதம் என்று இதை முழுதும் வாசித்தால் உனக்கே தெரியும். மழை பிடித்துக்கொண்டது, பின்பக்கத்து லீக்ஸ் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது, அப்பா வாய்க்கால் வெட்டச் சொல்லி சின்னராசாவை ஏசிக்கொண்டிருக்கிறார். அவனை வாசல் காவலுக்கு வாச்சராகத்தான் வைத்தோம், ஆனால் அப்பாவுக்கு யாரையாவது ஏசாவிட்டால் காலைத் தேத்தண்ணீர் இறங்காது.

புதிதாக நூறு கிஃப்ட் கார்டு அடிக்கப் போகிறாய், இந்த முறை ஆறு மாதம்தான் தவணை, சம்மதம் எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். போன வருடம் அடித்ததில் உன் கூட்டாளிகள் மூலம் டுபாயில் முப்பத்தெட்டு கார்டு விற்றாய். அங்கே வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போன பிள்ளைகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நம் விடுதியில் அம்மா அப்பா இரண்டு இரவு தங்கட்டும் என்று வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். நல்ல யோசனைதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் காசு முன்கூட்டியே வந்ததால்தான் ஹீட்டர் போட்டோம், நீ சொன்னபடி கண்ணாடிக் கதவும் வைத்தோம். ஆனால் இருப்பது ஐந்து அறை. கார்டுக்காரர்களில் ஏழு குடும்பம் போன வருடச் சித்திரை சீசனில் ஒரே வாரத்தில் வந்து இறங்கியது. முழுக் காசு கொடுக்க வந்த கொழும்பு ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, எங்கள் படுக்கையறையையும் கொடுத்துவிட்டு, நானும் அப்பாவும் அடுப்படியில் பாய் விரித்தோம். சாப்பிட்டு முடித்த சோற்றுக்கு இப்போது உலை வைப்பது போல இருந்தது எனக்கு. வந்தது அத்தனையும் சேர்த்து பத்தொன்பது கார்டு, மற்றப் பத்தொன்பது மார்கழி முப்பத்தொன்றாம் திகதி தவணை முடிந்தும் வரவேயில்லை. வராத கார்டுதான் லாபம், டுபாயில் பெரிய ஹோட்டல்களே அப்படித்தான் பிழைக்கின்றன என்று எழுதியிருந்தாய். அதை வாசித்துவிட்டு அப்பா உன்னை மெச்சினார், நானும் அன்றைக்கு சரிதானே என்றுதான் நினைத்தேன்.

வெசாக் முடிந்து அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பதினொரு மணி இருக்கும், கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். ஐம்பத்தெட்டு அறுபது வயது இருக்கும், வெள்ளை வேட்டி, பழைய கோட்டு. நான் போய்க் கேட்டதும் சொப்பிங் பைக்குள் இருந்து நம்முடைய கார்டை எடுத்து நீட்டினார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் குங்குமம் வைத்திருந்தது, சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த கார்டாம். பெயர் பழனியாண்டி, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம், உன்னிடம் கார்டு வாங்கிய கௌசியின் அப்பா. என்னைப் பார்த்து, "தங்க வரலிங்க தொரசாணி, தேதி முடிஞ்சது தெரியும், ரூமு எப்புடி இருக்குன்னு வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிர்றேன், புள்ள வந்து கேக்கும்" என்றார். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருபத்தாறு வருடம் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்ட என்னைப் பிறந்ததில் இருந்து யாரும் தொரசாணி என்று கூப்பிட்டதில்லை. சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை எனக்கு. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தேத்தண்ணீர் கொடுத்து, மெதுவாக விஷயத்தைக் கேட்டேன்.

மார்கழி கடைசி வாரம் அவரும் பெண்சாதி பூரணியும் வந்திருக்கிறார்கள் மகனே. புதுச் சேலை உடுத்தி, வெறுங்கையோடு போகக் கூடாது என்று நமக்குக் கொடுக்க ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, மூன்று பஸ் மாறி நம் கேட் வரைக்கும் வந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவும் பளபளவென்ற தரையும் தெரிந்திருக்கிறது. சின்னராசா தொப்பி போட்டுக்கொண்டு விறைப்பாக வந்து "மொனவத ஓனே" என்று சிங்களத்தில் என்ன வேண்டும் என்று கேட்டானாம். இவர் கார்டை வெளியே எடுக்காமலே, சும்மா பார்க்க வந்தோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். ஹட்டன் பஸ்ஸில் அந்தப் பழத்தை இரண்டு பேரும் சாப்பிட்டார்களாம். அன்றைக்கு சாயந்திரம் கௌசி கொமினிகேஷன் கடைக்கு போன் எடுத்து, போனீங்களாப்பா நல்லா இருந்துச்சா என்று ஆசையாகக் கேட்டிருக்கிறாள். இவர் போனோம், ரொம்ப நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டார். சொன்னவர் அதோடு விட்டாரா, மெத்தை அமுங்கியது, சுவரில் இருந்து வெந்நீர் வந்தது, கோழிக்கறி போட்டார்கள் என்று ஒவ்வொரு போனிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்திருக்கிறார். இப்போது அவள் லீவில் ஜூன் ஏழாம் திகதி வருகிறாளாம், வந்து எதிரே உட்கார்ந்து கேட்டால் என்ன சொல்வது என்று மனுஷனுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. அவள் கையைச் சுட்டுச் சமைத்துச் சேர்த்த காசு வீணாகிப் போனது என்று தெரிந்தால் மனசு விட்டுப் போய்விடும் என்கிறார்.

மூன்றாம் நம்பர் அறையைத் திறந்து காட்டினேன். உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று வாசற்படியிலேயே நின்றார். திரைச்சீலை என்ன நிறம் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார், வெந்நீர் எந்தப் பக்கத்துக் குழாயில் வரும் என்று கேட்டார். கடைசியில் ஜன்னலைப் பார்த்துவிட்டு முகம் செத்துப் போய், "அருவி தெரியாதுங்களா, தெரியும்னு சொல்லிப்புட்டேனே" என்றார். லீக்ஸும் கரட்டும்தான் தெரிகிறது, அருவிக்கு நான் எங்கே போவேன். சனிக்கிழமை பூரணியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டு இரவு இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன்.

அப்பா குதித்தார். தவணை முடிந்த கார்டுக்கு அறை கொடுத்தால் நாளைக்கு மற்றப் பதினெட்டும் வந்து நிற்கும், நீ எழுதினதை மீறக் கூடாது என்று ஒரே பிடி. தோட்டத்துத் தொரை பங்களாவில் முப்பது வருடம் சமைத்தவர் அல்லவா, அப்போது தொரை சொன்னால் சொன்னதுதான், இப்போது நீ சொன்னால் சொன்னதுதான். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், அவங்க வரலையா, நாம வரவிடலையா என்று. தீனித் தட்டை எடுத்துக்கொண்டு கோழிக்கூட்டுப் பக்கம் போய்விட்டார். சின்னராசாவைப் பிடித்துக் கேட்டேன். நம் தோட்டத்து லயத்துப் பிள்ளைதானே நீ, நம் ஆட்களைப் பார்த்தால் தெரியாதா, தமிழில் வாங்க என்று கூப்பிட உனக்கு என்ன வந்தது என்றேன். அவன், "நீங்கதானே பெரிய எடத்து வாச்சர் மாதிரி நிக்கணும்னு சொன்னீங்க" என்று திருப்பிக் கேட்டான். அதுவும் உண்மை, நான்தான் சொன்னேன். உன் பேச்சைக் கேட்டுக் கதவை மாற்றினோம், என் பேச்சைக் கேட்டு அவன் வாயை மாற்றினான். யாரைக் குறை சொல்ல.

சனிக்கிழமை வந்தார்கள், திரும்பவும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. பூரணி இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறவள், சனிக்கும் திங்களுக்கும் சம்பளம் வெட்டு விழுந்தாலும் விழட்டும் என்று வந்திருக்கிறாள். முதல் நாள் விடியற்காலையிலேயே எழுந்து கம்பளி மடித்து, அறையைக் கூட்டி, அடுப்படிக்கு வந்து போஞ்சி நறுக்க உட்கார்ந்துவிட்டாள். உன் மகள் காசு கொடுத்தது நீ போஞ்சி நறுக்கவா என்று எழுப்பி அனுப்பினேன். இரண்டாம் நாள் எட்டு மணியாகியும் கதவு திறக்கவில்லை. வேலைக்குப் பேர் கொடுக்கிற ஆறு மணிப் பெரட்டுக்கு முப்பத்தொரு வருடம் ஓடின பெண், அப்படி ஒரு தூக்கம். அப்பா யாரும் கேட்காமலே அந்தக் கதவுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடையில் போகிறவர்களை எல்லாம் சத்தம் போடாதே என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். போகும்போது பூரணி கணக்குத் தீர்த்துவிட்டாள், மார்கழியில் ஒரு தரம் வந்தோம் இப்போது ஒரு தரம் வந்தோம், அவர் சொன்னது ஒன்றும் பொய் இல்லை, அருவி மட்டும் பனியில் மறைந்துபோனது என்று. நீ கௌசியைக் கண்டால் எதையும் உளறிவிடாதே.

கார்டு விஷயத்துக்கு என் பதில் இதுதான். முந்நூறு அறை ஹோட்டலுக்கு வராத ஆள் ஒரு நம்பர், நமக்கு அப்படியில்லை, ஒவ்வொரு கார்டிலும் ஒரு வீட்டு விலாசம் இருக்கிறது. வராத பதினெட்டு பேருக்கும் நானே தபாலட்டை எழுதிவிட்டேன், திகதி பார்க்க வேண்டாம், சித்திரையில் மட்டும் வர வேண்டாம், மற்றபடி எப்போது வந்தாலும் உங்கள் அறை இருக்கிறது என்று. நூறு வேண்டாம், நாற்பது அடி. தவணை போடாதே. தமிழில் அடி, பின்பக்கம் நானும் அப்பாவும் வாசலில் நிற்கிற படத்தைப் போடு, யார் வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்தால் கேட்டோடு திரும்ப மாட்டார்கள். கண்ணாடிக் கதவு இருக்கட்டும், காசு போட்டாயிற்று, பகலில் திறந்தே வைக்கிறேன்.

இன்னொன்று. அவர்கள் பஸ் ஏறிப் போனதில் இருந்து எனக்கு ஒரே யோசனை. அந்த மனுஷன் மகளுக்காகச் சொன்ன மாதிரி நானும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அப்பா தினமும் டவுனுக்கு நடந்து போய் வருகிறார் என்று எழுதினேனே, தைப்பொங்கலில் இருந்து அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை, சாமான் வாங்க சின்னராசாதான் போகிறான். எனக்கு ஒரு கண்ணில் புகை மாதிரி இருக்கிறது, ஆகஸ்ட்டில் கத்தி வைக்கத் திகதி கொடுத்திருக்கிறார்கள், இந்த எழுத்து கோணல் மாணலாக இருப்பதும் அதனால்தான். நீ பதறிக்கொண்டு ஓடி வர வேண்டாம், பூரண குணமாகும் என்று டொக்டர் சொன்னார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி உன் முறை. போனில் ரூமில் ஏசி, வாரம் ஒரு நாள் லீவு, நேரத்துக்குச் சாப்பாடு என்கிறாய். மூன்று வருடமாக ஒரு குறையும் சொன்னதில்லை நீ. சின்ன வயதில் சட்டைப் பொத்தான் அறுந்தாலே ஊரைக் கூட்டுகிற பிள்ளை நீ. உண்மையில் எப்படி இருக்கிறாய் கோபி? உள்ளதை உள்ளபடி எழுது, நான் தாங்கிக்கொள்வேன்.

எந்த ஊரில் படுத்தாலும் நல்ல தூக்கமும் நல்ல மனுஷர்களும் உனக்குக் கிடைக்க வேண்டும், மாரியம்மன் துணை. தைலப் போத்தல் ஒன்று கௌசி திரும்பிப் போகும்போது கொடுத்து அனுப்புகிறேன், மறக்காமல் போய் வாங்கிக்கொள். பதிலைக் கடிதமாகவே எழுது, போனில் வேண்டாம், போனில் நீ நன்றாகச் சமாளித்துவிடுவாய்.

உன் அம்மா,
செ. மீனம்மா