பக்கத்தில் ஒரு விரல்

என் வீட்டுக்காரிக்கு அன்புடன்,

நீயும் குழந்தையும் நலமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வெயிலுக்குத்தான் அடக்கம் போதாது.

வேலைத்தளத்தில் பம்ப் ஓடும் நேரத்தில், சுற்றியுள்ள பொட்டலில் பூச்சிகளைப் படம் பிடித்து, போனில் ஒரு பூச்சிக் குழுவுக்கு அனுப்பிப் பெயர் கேட்கிறேன். போன வாரம் மணலில் கிடந்த ஒன்றின் முகத்தை நெருக்கமாக எடுத்தேன். அரிவாள் மாதிரி இரண்டு கொடுக்கு! படத்தைப் பார்த்த எங்கள் முகாம் சமையல்காரர் பயந்து கட்டிலை விட்டு இறங்கவில்லை, அடுப்பும் எரியவில்லை.

குழுவில் ஒருவர், "அளவே தெரியலயே, பக்கத்துல விரல வச்சு எடுங்க" என்றார். வைத்தேன். நகத்தில் பாதிகூட இல்லை. சின்ன வயதில் மணலை ஊதி ஊதித் தேடுவோமே, அந்தக் குழியானை!

"இதுக்காய்யா எல்லாரையும் பட்டினி போட வச்சே?" என்று கரண்டியோடு துரத்தினார் சமையல்காரர்.

நம் குளியலறை விளக்கடியில் பச்சைப் பூச்சி ஒன்று வருமே, அதைப் படம் எடுத்து அனுப்பு. அளவு தெரிய உன் விரலைப் பக்கத்தில் வை.

வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். பூச்சி பறந்துவிட்டால் பரவாயில்லை; விரலை மட்டும் எடுத்து அனுப்பு.

உன் பூச்சிக்காரன்