இரண்டு பேருக்கும் ஒரே கிழமை லீவு

அண்ணா,

இன்று பின்னேரம் அப்பா குசினி அடுப்பில் இருக்கிற மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பொத்தானை அமத்தி அமத்தி வைத்தார். ஒவ்வொரு முறையும் அது பீப் என்று கத்தியது. நான் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, படிக்க இருக்கிறது என்று டெனிஷில் சொல்லி மேலே வந்துவிட்டேன். மணிக்கூடு மாற்றுகிற ஞாயிறு இந்த வீட்டில் என்ன நாள் என்று அம்மாவுக்கும் தெரியும்.

இப்போது எல்லோரும் படுத்துவிட்டார்கள். விளக்கைப் போட்டால் கதவுக்குக் கீழால் வெளிச்சம் தெரியும், அதனால் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. அதைச் சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை.

வாற சனிக்கிழமை உன் ஆண்டுப் பூசை. யோனஸ் வர ஆசைப்படுகிறான். இரண்டாம் வகுப்பிலிருந்து உன் பக்கத்தில் இருந்து படித்தவன். அம்மா மத்தியானம் மெல்லக் கதையை எடுத்தா.

"பாவம், அந்தப் பெடியனும் வரட்டுமேன்."

அப்பா கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "என்ர பிள்ளையை விடியவிடிய நித்திரை கொள்ள விடாமல் வைச்சிருந்தவன் அவன். கோயில் வாசலிலையும் நான் அவனைக் காணக் கூடாது."

செத்தவீட்டுக்குப் பூங்கொத்தோடு வந்தவனையும் அப்பா வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். பொலிஸ் திருப்பித் தந்த உன் தொலைபேசியில் காலை நாலரை வரைக்கும் யோனஸோடு எழுதிய எழுத்துகள் இருந்தன. அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

உன்னை அன்றைக்கு விழித்திருக்க வைத்தது யோனஸ் இல்லை. நான்.

அந்தக் கோடை விடுமுறை முடிகிற நேரம் உன் அறை நிலத்தில் இருந்து அணிக்கு ஆள் எடுத்தோமே, நினைவிருக்கிறதா? அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுகிற நிஜ ஆட்டக்காரர்களை உன் சிநேகிதர் பத்துப் பேரும் தொலைபேசியில் ஆளுக்கொரு அணியாகப் பங்கு போட்டீர்கள். அங்கே அவர்கள் எடுக்கிற புள்ளி இங்கே உங்களுக்கு. ஆனால் ஒவ்வொரு கழகத்துக்கும் ஏதோ ஒரு கிழமை ஆட்டம் இல்லை. அதுதான் பை வீக். அந்தக் கிழமை அவனுடைய இடத்துக்கு வேறு ஆள் இல்லாவிட்டால் அங்கே பூச்சியம். அந்த லீவுக் கணக்கைக் கட்டக் கொப்பியில் எழுதி வைக்கிறது என் வேலை. நீ என்னை மனேஜர் என்று கூப்பிட்டாய்.

பந்தெறிகிறவனுக்கு மாற்றாக நிற்கிற இரண்டாவது ஆளை நான்தான் தெரிந்தெடுத்தேன். அவன் சிரிக்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது.

"இவன்ர பை எப்ப, மனேஜர்?"

"ஒன்பதாம் கிழமை."

அட்டவணையில் ஒரு வரி கீழே பார்த்துச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கும் எட்டாம் கிழமைதான். எங்கள் முதல் ஆளுக்கும் எட்டாம் கிழமைதான்.

எட்டாம் கிழமை வந்தபோது, புதன்கிழமையே நான் அதைக் கண்டுவிட்டேன். இதுவரை ஒருவருக்கும் சொல்லாதது அதுதான். அன்றைக்கே சொல்லியிருந்தால் நல்ல ஆள் ஒருவனை எடுத்திருப்பாய். நீ சிரிப்பாய், உன் சிநேகிதரின் லீக்கில் போட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பாய் என்று வெட்கம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஏழு மணிக்குத்தானே, அதற்கு முதல் ஒருவருக்கும் தெரியாமல் ஒருவனை மாற்றிவிடலாம் என்று இருந்தேன். எங்கள் மணிக்கூடு அன்று விடியப்புறம் பின்னுக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் இன்னும் போகவில்லை. ஆட்டம் ஆறு மணிக்கே தொடங்கிவிட்டது. ஆறரைக்கு நான் பார்க்கும்போது எடுக்க நினைத்தவன் மைதானத்தில் நிற்கிறான், பெயர் பூட்டுப்பட்டிருக்கிறது, இனி எடுக்க ஏலாது.

நீ இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் அழுதுகொண்டு வந்து தொலைபேசியை நீட்டினேன். நீ பார்த்தாய், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாய்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கிழமை லீவு குடுத்திட்டியே! இண்டைக்கு எனக்கு எதிரா ஆர் தெரியுமே? யோனஸ். அவன் என்னை உயிரோட விடமாட்டான்."

ஒருவரும் எடுக்காமல், ஆட்டமும் தொடங்காமல் மிஞ்சியிருந்த பந்தெறிகிறவன் ஒரே ஒருவன். அவனுடைய ஆட்டம் எங்களுக்கு நடுச்சாமத்துக்குப் பிறகு. நீ அந்த ஆட்டங்களை ஒருநாளும் பார்ப்பதில்லை, திங்கள் ஆறு மணிக்கு வேலை, கார் ஓட்டம் நாற்பது கிலோமீற்றர். அன்றைக்குப் பார்த்தாய். "நீ போய்ப் படு, நாளைக்குப் பள்ளிக்கூடம். இவன் ஒருத்தன் காணும் எங்களுக்கு" என்றாய். சுவருக்கு அந்தப் பக்கம் நீ மெல்லச் சிரிப்பது கேட்டுக்கொண்டே நித்திரையாகினேன்.

நாங்கள் வென்றோம், அண்ணா. காலையில் எழும்பி முதலில் பார்த்தது அதைத்தான். கட்டிலில் எழும்பி நின்று துள்ளினேன். நான் துள்ளிக்கொண்டிருந்த நேரம் உன் கார் கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே மரத்தோடு நின்றிருக்கிறது. அதற்குப் பிறகுதான் பொலிஸ் வந்து மணி அடித்தது.

உயிர்த்த ஞாயிறுக்கு முன்பு, தமிழ்ப் பூசைக்கு வந்த சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "அது பாவம் இல்லை, பிள்ளை. பிழை" என்றார். வெளியே வரும்போது கொஞ்சம் இலேசாக இருந்தது. காரில் ஏறியதும் அப்பா, யோனஸின் வீட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காக வழமை போலச் சுற்றிப் போனார்.

வெள்ளிக்கிழமை பால் வாங்கப் போனேன். யோனஸ் இப்போது அந்தக் கடையில்தான் வேலை. காசாளர் இடத்தில் இருந்தான், பின்னால் ஒருவரும் இல்லை.

"அப்பாவிடம் கேட்டாயா? நான் கோயிலில் கடைசி வாங்கில் இருப்பேன். பூசை முடிய முதல் போய்விடுவேன்."

எனக்குத் தாங்கவில்லை. கடையில் நின்றபடி டெனிஷில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் பாலை ஸ்கேன் பண்ணினான்.

"தெரியும்," என்றான்.

தன் தொலைபேசியை எடுத்துக் காட்டினான். அன்றிரவு நீ வேறொரு செயலியில் அவனுக்கு எழுதியது. அப்பா அதைப் பார்க்கவே இல்லை. 'தங்கச்சி குழப்பிப்போட்டாள். லீக்கில் நான் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் ஒருத்தருக்கும் சொல்லாதே, அழுதுகொண்டு படுத்திருக்கிறாள்.'

"அவன் சொல்லாதே என்றான். நான் சொல்லவில்லை," என்றான் யோனஸ். அவ்வளவுதான். அடுத்த ஆள் வந்துவிட்டார். நான் பாலை எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஒரு வருசம், அண்ணா. அப்பா அவன் முகத்தில் கதவைச் சாத்தியபோதும் அந்த எழுத்து அவன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

அப்பாவுக்குச் சொன்னாலும் விளங்காது, பை வீக் என்றால் அவருக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நீ அவருக்கு விளங்கப்படுத்தினாய். "உங்கட மெசினில நிக்கிற ரெண்டு பேரும் ஒரே கிழமை லீவில போனா என்ன செய்வியள், அப்பா?"

"மெசினை நிப்பாட்ட வேண்டியதுதான். லீவைப் பார்க்க ஒருத்தரும் இல்லையோ?"

நீ என்னைக் காட்டினாய். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப உங்கட ஃபக்டறி உருப்பட்ட மாதிரித்தான்" என்று சிரித்தார். அவருக்கு எல்லாம் விளங்கும். விளங்கிய பிறகு யோனஸைப் பார்க்கிற கண்ணால் என்னைப் பார்ப்பாரோ என்பதுதான் பயம். அப்படிப் பார்த்தால் இடையில் வந்து நிற்க நீ இல்லை.

விடியப்போகிறது, கீழே தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. அப்பா வேலைக்கு எழும்பிவிட்டார். தேத்தண்ணி குடிக்கிற மட்டும் இருப்பார். டெனிஷில் சொன்னால் பாதி விளங்கவில்லை என்று அவரும் இருந்துவிடலாம், நானும் இருந்துவிடலாம். தமிழில் சொல்லப் போகிறேன். புதன்கிழமையிலிருந்து, ஒன்றும் விடாமல்.

ஒருத்தருக்கும் சொல்லாதே என்று நீ கேட்டது யோனஸிடம். என்னிடம் இல்லை.

நான் இறங்கிறன், அண்ணா.