மூன்றாம் வரிசையில் ஒரு போர்வை

கார்வெல், நெப்ராஸ்கா
9 பிப்ரவரி 1971

அன்புள்ள ஆர்டித்,

நீயும் எமிலும் குழந்தைகளும் நலம்தானே? நாங்கள் இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. பாதிப் பெட்டிகள் இன்னும் பிரிக்காமலே கிடக்கின்றன. பிரித்துத்தான் என்ன செய்ய, எப்படியும் ஒருநாள் மறுபடி கட்டப்போகிறோம். ஃபுட்பால் கோச்சைக் கட்டிக்கொண்டவளுக்கு ஏது சொந்த வீடு.

வெண்டல் இப்போது ஒரு கல்லூரி டீமுக்கே தலைமை கோச் ஆகிவிட்டாரென்று ஊரே வந்து கை குலுக்குகிறது. வீட்டுக்குள் வந்தால் மனுஷர் சாப்பாட்டைத் தொடுவதில்லை. "எமில் இல்லாம எதிராளியை யாருடி தடுப்பா? எனக்குப் பந்தை முன்னால கொண்டுபோகத்தான் தெரியும்" என்று புலம்புகிறார். உண்மைதானே? நம் பள்ளிக்கூட டீம் அத்தனை வருஷம் ஜெயித்தது இவரால் பாதி, எமிலால் பாதி.

டக்கோட்டாவில் ஒரு சின்னக் கல்லூரி எமிலைத் தலைமை கோச்சாக அழைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட வேண்டியவள், உடனே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். வெண்டல் வாய்விட்டுக் கேட்கமாட்டார், அதனால் நான் கேட்கிறேன். அந்த வேலை வேண்டாமென்று எமிலைச் சொல்லச் சொல். இங்கே வந்துவிடுங்கள். உன் பேச்சை அவர் தட்டமாட்டார். வெண்டலுக்கு இங்கே வேலை இருக்கும்வரை எமிலுக்கும் இருக்கும். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

ஸ்டேடியத்தில் கோச்சுகளின் மனைவிகளுக்கு மூன்றாம் வரிசையாம். நீ பக்கத்தில் இல்லாமல் அங்கே எப்படி உட்காருவேன்? ஆட்டம் இழுபறியாகும்போது யார் கையைப் பிடிப்பேன்? நம் சிவப்புக் கட்டம் போட்ட போர்வை உன்னிடம்தான் இருக்கிறது. மறக்காமல் எடுத்து வா.

என்றும் உன்,
லோர்னா

*

ஹார்லன், நெப்ராஸ்கா
16 பிப்ரவரி 1971

அன்பு லோர்னா,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். கறி தீய்ந்துவிட்டது. அதற்கும் நீதான் பொறுப்பு.

ஒரு விஷயம் சொல்கிறேன், வெண்டலிடம் சொல்லாதே. போன வாரம் எமிலின் சட்டைப்பையில் ஒரு பழைய உறை இருந்தது. அதன் பின்புறம் தன் பெயரை எழுதி, கீழே 'தலைமை கோச்' என்று எழுதிப் பார்த்திருக்கிறார். நாலைந்து தடவை, விதவிதமாக. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நீ கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்? சொன்னேன். வெளியே போய், இந்தக் குளிரில் காரைக் கழுவினார். உள்ளே வந்து, "சரி, வெண்டல் தனியா கிடந்து அல்லாடுவான். போகலாம்" என்றார். அதோடு முடிந்தது.

எங்கள் பெண் ஜோலினுக்குப் பள்ளி முடிந்ததும் ஜூனில் வருகிறோம். போர்வையைத் துவைத்து வைத்துவிட்டேன். நம் பழைய சட்டம் அங்கேயும் செல்லும்: பின்னால் எவன் நம் வீட்டுக்காரர்களைத் திட்டினாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

உன் தோழி,
ஆர்டித்

*

கார்வெல்
28 நவம்பர் 1973

அன்புள்ள ஆர்டித்,

நாலு வீடு தள்ளி இருப்பவளுக்குத் தபால்தலை ஒட்டி எழுதும்படி ஆகிவிட்டதே. இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினேன். திரைச்சீலை அசைந்ததைப் பார்த்தேன். உன் கோபம் நியாயம்தான், ஆனால் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேள்.

மூன்று வருஷமாகத் தோல்வி. தோற்ற மறுநாள் எங்கள் வாசல் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை நட்டுவிட்டுப் போகிற ஊர் இது. உனக்குத் தெரியாததா? கல்லூரிப் பெரியவர்கள் கழுத்தில் கத்தி வைத்துவிட்டார்கள். தடுப்பாட்டக் கோச்சை அனுப்பு, இல்லாவிட்டால் நீ போ என்றார்கள். வெண்டல் என்ன செய்வார்? போன புதன்கிழமை கூப்பிட்டுச் சொன்னதிலிருந்து அவர் கண்ணை மூடவில்லை. என் தோளில் சாய்ந்து குழந்தைபோல அழுதார்.

திங்கட்கிழமை எமிலை நேரில் பார்த்துச் சொல்வதாகத்தான் இருந்தார். அதற்குள் ஞாயிறு ரேடியோப் பேட்டியில் அந்த ஆள் பட்டென்று கேட்டுவிட்டான். பொய் சொல்ல இவருக்கு வரவில்லை.

இது தொழில், ஆர்டித். இதற்காக நாம் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டுமா? மீன் கேசரோல் செய்து உன் வாசலில் வைத்திருக்கிறேன். ஜோலினுக்குப் பிடிக்கும்.

உன்,
லோர்னா

*

கார்வெல்
1 டிசம்பர் 1973

லோர்னாவுக்கு,

உன் பாத்திரத்தைக் கழுவி உன் வாசலில் வைத்துவிட்டேன். உள்ளே இருந்ததை நாய் தின்றது.

உன் வீட்டுக்காரன் ரேடியோவில் பேசியபோது எமில் எங்கே இருந்தார் தெரியுமா? கியர்னிக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில், டாரல் என்ற பையனை உங்கள் டீமில் சேர்க்கச் சொல்லி, அவன் அம்மாவோடு அடுக்களையில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் ஆப்பிள் பை பலகாரம் செய்து வெட்டி வைத்திருக்கிறாள். இவர், "நாலு வருஷமும் உங்க பையனை நான் பார்த்துக்கறேன்மா, அதுக்கு நான் ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மேடைமேல் ரேடியோ ஓடுகிறது. அதில் வெண்டலின் குரல்: "எமில் பாசெக் நல்ல மனுஷன், ஆனா அடுத்த வருஷம் எங்களோட இருக்கமாட்டார்."

அந்த அம்மாள் எழுந்து ரேடியோவை நிறுத்தினாளாம். "நீங்க சாப்பிடுங்க, இன்னொரு துண்டு வெட்டறேன்" என்றாளாம். முன்பின் தெரியாதவள். இவரும் சாப்பிட்டிருக்கிறார். கிளம்பும்போது, "பையனை அங்கயே அனுப்புங்க, நல்ல காலேஜ்தான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நானாக இருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

உங்கள் வாசலில் நட்ட பலகைகளைப் பற்றி எழுதியிருக்கிறாய். உன் குழந்தைகள் பார்க்கக் கூடாதென்று விடிவதற்கு முன்னால் போய் அவற்றைப் பிடுங்கி வந்தது யார் என்று வெண்டலிடம் கேள். எங்கள் நாய் படுக்கிற கூண்டு முழுக்க அந்தப் பலகைதான்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. புதன்கிழமையிலிருந்து வெண்டல் தூங்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். வியாழக்கிழமை நன்றித் திருநாளுக்கு உன் வீட்டு மேஜையில் எமில்தான் வான்கோழியை அறுத்தார். நீ எனக்கு இரண்டாம் தடவை கிரேவி ஊற்றினாய். சனிக்கிழமை மூன்றாம் வரிசையில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தோம். என் கையைப் பிடித்திருந்தாய். அப்போது உனக்குத் தெரியும், இல்லையா?

ஆர்டித்

*

கார்வெல்
11 ஜனவரி 1980

அன்புள்ள ஆர்டித்,

வருஷாவருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆனாலும் உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்போலத்தான் இருக்கிறது.

நீ பேப்பரில் பார்த்திருப்பாய். டாரல் ஆடிய வருஷங்களில் இரண்டு கோப்பை வாங்கினோம். இதே ஊர் வெண்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியது. டாரல் போனான், எல்லாம் போயிற்று. நவம்பரில் வெண்டலைக் கழற்றிவிட்டார்கள். இவர் வளர்த்துவிட்ட பையன்கள் இன்று பெரிய பெரிய இடத்தில் கோச்சாக இருக்கிறார்கள், ஒருவன்கூடப் போனை எடுப்பதில்லை. மனுஷர் கராஜில் புரொஜெக்டரைப் போட்டுக்கொண்டு பழைய ஆட்டங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "இதோ பாரு, இந்த இடத்துல எமில் ஆளை எப்படி நிறுத்தியிருக்கான்" என்று சுவரோடு பேசுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

வில்பர்ன் பள்ளிக்கூடத்தில் எமில் தலைமை கோச்சாக இருப்பதும், அவருக்கு ஓர் உதவி கோச் தேவைப்படுவதும் தெரிய வந்தது. வெண்டல் வாய்விட்டுக் கேட்கமாட்டார், அதனால் நான் கேட்கிறேன். நடந்ததெல்லாம் பழைய கதை. உனக்கு என்மேல் கொஞ்சமாவது பிரியம் மிச்சம் இருந்தால் எமிலிடம் ஒரு வார்த்தை சொல்.

என்றும் உன்,
லோர்னா

*

வில்பர்ன், நெப்ராஸ்கா
19 ஜனவரி 1980

லோர்னாவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் மாவு டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. எரித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். எமிலின் வாழ்க்கையில் ஒருமுறை நான் குறுக்கே நின்றது போதும். அதனால் நேற்று சாப்பிடும்போது படித்துக் காட்டினேன்.

கார்வெலிலிருந்து வந்தபிறகு எமில் மூன்று வருஷம் மாட்டுத்தீவனம் விற்றார். சனிக்கிழமைகளில் ரேடியோவைப் போடாமல் கொட்டகைக்குப் போய்விடுவார். டக்கோட்டாவில் அந்த வேலையை எடுத்துக்கொண்டவன் இன்னும் அங்கேயே இருக்கிறான். இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் படித்தேன். எமில் முள்கரண்டியைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று ஆசையோடு பார்த்தேன். "வெண்டலுக்கு அந்த முழங்கால் வலி இன்னும் இருக்கா?" என்று கேட்டார். எழுந்து போய்ப் பள்ளிக்கூட அதிகாரிக்குப் போன் செய்தார். வேலை கிடைத்துவிட்டது. இந்த ஆண்களுக்குச் சனிக்கிழமை தோற்றது திங்கட்கிழமை ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

வாருங்கள். பேக்கரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறது. அடுப்பு கொஞ்சம் தகராறு செய்யும், எமில் வந்து பார்த்துத் தருவார்.

இது சின்ன ஊர், ஆனால் இங்கேயும் தோற்றால் கத்துவார்கள். வெண்டலின் பெயரைச் சொல்லியே கத்துவார்கள். நம் சட்டம் உனக்குத் தெரியும், திரும்பிப் பார்க்காதே. அந்தக் கூச்சலில் என் குரல் இருக்காது. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். இந்தக் கடிதத்திலாவது பதில் இருக்கிறதா என்று இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

நான் வாசல் ஓரமாக முதல் வரிசையில் உட்காருவேன். நீ வேறெங்காவது உட்கார். சிவப்புக் கட்டப் போர்வையை நாய் குட்டி போட்டபோது அதற்கடியில் விரித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆட்டங்களில் இங்கே குளிர் அதிகம். உனக்கென்று ஒன்று கொண்டு வா.

ஆர்டித் பாசெக்