வெட்டாமல் விட்ட ஆறாம் பிரிவு

அன்புள்ள உனக்கு,

காலையில் மகள் எனக்கு உடுத்த ஒரு புதுச் சாரம் வாங்கி வந்து என் மடியில் வைத்தாள். துவைக்காத துணியின் கஞ்சி மணம். அதை முகர்ந்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஹட்டனில் உன் வாப்பாவின் புடவைக்கடைக்கு மேலே இருந்த அறையில் இதே மணம்தான் அடைந்து கிடக்கும். நீ மண்ணுக்குள் போனபிறகு உனக்கு எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. எழுதி எங்கே அனுப்புவது என்ற தயக்கம்தான். இன்று அந்த மணத்துக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வரிசை எண் போடாமல் எனக்கு எதையும் சொல்ல வராது. நீ சிரிப்பாய், தெரியும். சொல்லப்போவது இவை:

1. துணி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து நீ என் ஒப்பந்தத்தைப் படித்தது.
2. துரையின் பங்களா வராந்தாவில் நடந்தது.
3. ஆறாம் பிரிவை வெட்டாமல் விட்டது உன் தவறு என்பது. இதை உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன், முறையாக நிறுவியதில்லை. இப்போது நிறுவப் பார்க்கிறேன்.

அப்போது நாடு சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் இன்னும் போகவில்லை. கொழும்பில் மருத்துவம் படித்து முடித்து நான் மலைக்குத் திரும்பியிருந்தேன். டயகமப் பக்கத்தில் ஒரு பெரிய தேயிலைத் தோட்டத்தின் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார்கள். நீ வக்கீலாகி ஒரு வழக்கும் வராமல் வாப்பாவின் கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் முதல் வேலை. உன் முதல் கட்சிக்காரன் நான்.

ஒரு துணி மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்து நீ அதைச் சத்தமாகப் படித்தாய். சம்பளம், வீடு, விறகு, லீவு எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று கையை ஆட்டினாய். ஆறாம் பிரிவில் நின்றுவிட்டாய். அலுவலகம் எழுதிக்கொடுக்கும் துண்டுச் சீட்டு இல்லாமல் வரும் தொழிலாளியை மருத்துவ அதிகாரி பார்க்கக்கூடாது. அவசரம் எது என்பதைத் துரையே தீர்மானிப்பார்.

"என்னடா மச்சான் இது? பாம்பு கடிச்சாலும் பங்களாவுக்கு நடந்துபோய், 'தொரை, நான் அவசரமா இல்லையா'ன்னு கேட்டுட்டு வரணுமா?"

நான் சிரிக்கவில்லை. என் அப்பா தோட்டத்து அலுவலகத்தில் கிளாக்கர். அந்த அலுவலக ஜன்னலுக்கு வெளியே, துண்டுக்காக மழையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி சொல்லவேண்டும், கணக்கப்பிள்ளை தலையாட்டவேண்டும், பிறகுதான் துண்டு. கொழுந்து அதிகமாக இருக்கும் நாட்களில் யாருக்கும் காய்ச்சல் வராது. அதாவது, துண்டு வராது. இந்த ஒரு பிரிவு இருக்கும்வரை நான் அங்கே டாக்டராக இருப்பதில் பொருளில்லை என்று உன்னிடம் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் நன்றாகத்தான் இருந்தது. கேட்டது நீ மட்டும்தானே.

"அப்ப வெட்டிருவோம்," என்றாய். "இதை வெட்டாம கையெழுத்துப் போட விட மாட்டேன். அந்தக் குளிருக்கு எவனும் போகமாட்டேங்கிறான். அவங்களுக்கு நீ வேணும், அதை மறந்துடாத."

சொல்லவேண்டியவற்றை எண்ணிட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். துரையைப் பார்க்கப் போன பஸ்ஸில் அதைப் பிடுங்கிப் பார்த்து, "நாலாவதுல ஒரு கிளை வேறயா? தொரைக்குப் பரீட்சையா வைக்கப்போற?" என்று கேலி செய்தாய். என் நடுவகிட்டையும் விட்டுவைக்கவில்லை. "ரூல் தடி வச்சு இழுத்தியா?"

இனி வராந்தா. அங்கே இரண்டு பிரம்பு நாற்காலிகள் இருந்தன. ஆனால் தோட்டத்தில் சம்பளம் வாங்கும் யாரும் துரை முன்னால் உட்காரும் வழக்கமில்லை. தலைமைக் கிளாக்கரும் நின்றுதான் பேசுவார். என் அப்பாவும் அப்படி நின்றவர்தான். துரை வெளியே வந்தார். நீ சலாம் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாய்.

"உட்காரு மச்சான். நின்னுக்கிட்டே பேசினா நீதான் நோயாளி மாதிரி இருக்கு."

துரைக்குத் தமிழ் தெரியும். அவர் உதட்டோரம் சிரித்த மாதிரி எனக்கு நினைவு, உறுதியாகச் சொல்லமுடியாது. மற்ற நாற்காலியையும் அவரே காட்டினார். நான் உட்காரவில்லை. உட்காரக் கூடாதென்று ஒன்றுமில்லை, அப்பாவைப் போலவே நின்றேன்.

ஆறாம் பிரிவில் எனக்கு என்ன சிரமம் என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். தாள் என் சட்டைப்பையில் இருந்தது. முதல் புள்ளியின் முதல் சொல்கூட வாய்க்கு வரவில்லை. அவர் காத்திருந்தார். கீழே மலையில் கொழுந்துக்காரப் பெண்களின் பேச்சு காற்றில் வந்தது. காத்துப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: துண்டு இல்லையென்றால் மழை நாளில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில்தான் இருப்பார்கள், கொழுந்தை யார் எடுப்பது? "ஆமாம், சார்," என்றேன். உனக்கு நினைவிருக்கும். ஆமாம் என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். வெகுநேரம் இல்லை. பிறகு துரையிடம் திரும்பி, "துண்டு இருக்கட்டும் சார். ஒழுங்கு வேண்டியதுதான். யார் எழுதுவது என்ற இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை சேர்ப்போம்," என்றாய். அலுவலகம் அல்லது மருத்துவ அதிகாரி கொடுக்கும் துண்டு. அவ்வளவுதான். துரை யோசித்தார். விதி போகவில்லை, தாள் போகவில்லை, எழுதுவதற்கு ஒரு கை கூடுகிறது. ஓரத்தில் எழுதி, சுருக்கொப்பம் போட்டார். நானும் நின்றபடியே கையெழுத்திட்டேன்.

இறக்கத்தில் வரும்போதே உன்னோடு சண்டை பிடித்தேன்.

"வெட்டுறேன்னு சொன்னியே!"

"வெட்டல. சேர்த்தேன்."

"தொரை முன்னாடி நீயும் வளைஞ்சுட்ட."

"சரி மச்சான், நான் கெட்ட வக்கீல்தான். வா, டயகம கடையில டீ குடிப்போம். ஃபீசு அதுதான்."

மூன்றாவதற்கு வருகிறேன். நான் அந்த ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முழுவதும் மருந்து கொடுக்கும் மேசையில் ஒரு துண்டுப் புத்தகம் இருந்தது. யார் வந்தாலும் முதலில் துண்டு எழுதுவேன், பிறகு நாடி பார்ப்பேன். அலுவலகத் துண்டோடு வந்தவர்கள் குறைந்துபோனார்கள். அது நல்லதுதான். ஆனாலும் ஒரு மனுஷி தனக்கு நோய் என்று சொல்லிக்கொள்ள இன்னொருவரிடம் தாளுக்குக் கை நீட்டியபடியேதானே இருந்தாள்? ஜன்னல் மட்டும்தான் மாறியது. பிரிவை வெட்டியிருந்தால் அந்தக் கை நீட்டலே இருந்திருக்காது. என் வாதம் இதுதான். ஹட்டன் வரும்போதெல்லாம் உன்னிடம் இதைச் சொன்னேன். பிற்பாடு உனக்குப் பெரிய பெரிய வழக்குகள் வந்த காலத்திலும், மற்றவர்கள் முன்னாலேயே, "இவன் என் முதல் ஒப்பந்தத்தில் தோற்றவன்" என்றேன். நீ ஒருநாளும் எதிர்வாதம் செய்யவில்லை. வக்கீல் பேசாமல் இருந்ததை, ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

சான்றாக ஒரு சம்பவத்தையும் சொல்வேன். முதல் கொழுந்துக் காலம். செல்லம்மா என்ற பெண் மலையிலிருந்து நேராக, கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்தாள். நல்ல காய்ச்சல், மூச்சு இழுத்தது. துண்டு எழுதி, கட்டிலில் படுக்க வைத்தேன். சற்று நேரத்தில் பெரிய கணக்கப்பிள்ளை குடையோடு வந்து நின்றார்.

"ஐயா, இவ காலையில பெரட்டுல நல்லா நின்னவ. கொழுந்து முத்திப்போச்சுன்னு தொரை கத்துறாரு. இவளுக்கு யாரு துண்டு குடுத்தது?"

செல்லம்மா எழுந்து உட்கார்ந்து கம்பளியைத் தேடினாள்.

"நான் போயிடுறேங்கய்யா. அந்தியில வர்றேன்."

நான் துண்டுப் புத்தகத்தை அப்படியே கணக்கப்பிள்ளையிடம் நீட்டினேன். ஒரு வார்த்தையில்லை. அவர் வாசித்தார். "ஐயா கையெழுத்துங்களா... அப்ப சரி. கங்காணிக்கிட்ட சொல்லிக்கிறேன்." செல்லம்மாவைப் பார்த்து, "படுத்துக்க புள்ள," என்றுவிட்டுப் போனார். அவளுக்கு நிமோனியா. சில நாள் மோசமாக இருந்தது, பிழைத்துவிட்டாள்.

இதை நான் உனக்கு வெட்கத்தோடுதான் சொன்னேன். பார், ஒரு டாக்டர் தன் நோயாளிக்காகத் தாளுக்குப் பின்னால் ஒளிய வேண்டியிருக்கிறது, நீ செய்த வேலை இது என்றேன். நீ சிரித்து, "நல்ல தாள்தான் மச்சான்," என்றாய்.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தினேன். நிறுவவேண்டுமானால் மறுபக்கத்தையும் போட்டுப் பார்க்கவேண்டும் அல்லவா? பிரிவை வெட்டிவிட்டோம் என்று வைத்துக்கொண்டேன். துண்டு இல்லை, புத்தகம் இல்லை. அதே காலை, அதே கட்டில். கணக்கப்பிள்ளை அப்போதும் குடையோடு வந்து நின்றிருப்பார். கொழுந்து அப்போதும் முத்தியிருக்கும். "யாரைக் கேட்டுப் படுக்க வைத்தீர்கள்?" என்று கேட்டிருப்பார். நீட்ட என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. வாய் ஒன்றுதான் இருந்திருக்கும். அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்திருப்பாள். நான் என்ன செய்திருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும்; இதில் வரவில்லை. ஆமாம் என்றிருப்பேன்.

அது உனக்கு வராந்தாவிலேயே தெரிந்துவிட்டது. வெட்டுவதற்காகத்தான் நீ அந்தப் படிகளில் ஏறினாய். நான் "ஆமாம், சார்" என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தாயே, அப்போதுதான் மனம் மாறினாய். தைரியமான ஒரு டாக்டருக்கான ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, எனக்கான ஒப்பந்தத்தைப் பேசி வாங்கினாய். அதில் ஒரு வார்த்தை எனக்குப் பதிலாக நின்று பேசியது.

இதை நீ எந்த நாளும் சொல்லியிருக்கலாம். நான் உன்னைக் கெட்ட வக்கீல் என்றபோது ஒரே வாக்கியத்தில் என் வாயை அடைத்திருக்கலாம். என் வகிட்டைக் கேலி செய்தாய், எண்களைக் கேலி செய்தாய், என் கல்யாணத்தில் என் தலைப்பாகையைக்கூடக் கேலி செய்தாய். என் பயத்தை மட்டும் தொடவேயில்லை. அதைச் சொல்வதைவிடத் தோற்ற வக்கீலாகவே இருந்துவிடலாம் என்று கடைசிவரை இருந்துவிட்டாய். இனி நான் சுமந்திருக்கப்போவது நீ சொல்லாத அந்த வாக்கியத்தைத்தான்.

மூன்றாவது புள்ளி தவறு.